உப்புக் கரித்த மோர்

"நம்ம பங்குக்கு ஆத்துத் தண்ணிய எடுத்துக்கறதுல தப்பில்ல, ஆனா..." அர்த்தநாரி சாயப்பட்டறை திறந்த அன்று அவருடைய பெரிய மாமா மேடையில் இப்படித்தான் ஆரம்பித்தார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன சொன்னார் என்று அர்த்தநாரிக்கு நினைவில்லை. அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது அர்த்தநாரி ஆற்றங்கரை மடத்தில், அதை நடத்திவரும் மரகதம்மாவின் முன் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அர்த்தநாரி எதிலும் இறங்குவதில்லை.

"நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல இருந்து பட்டறைத் தண்ணிய எடுத்துச் சோதிக்க வர்றாங்கம்மா."

"வரட்டுமே. அதான் சுத்தம் பண்ற மிஷின் வெச்சிருக்கீங்களே."

"அதுல சாயம் போயிருதுங்க. சாயம் ஏத்தப் போடற உப்புத்தான் போகமாட்டேங்குது. அதைக் காய்ச்சிப் பிரிக்க வேற மிஷின் வேணும். சொல்லியிருக்கேன், வர மூணு மாசமாகும். நாளைக்கு உப்பு கூடுதலா இருந்தா சீல் வெச்சிருவாங்க."

"என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

அர்த்தநாரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆத்துல சேர்ற வாய்க்காலுக்குப் போற குழாய்ல போர்த் தண்ணிய கலந்து விட்டா அளவு சரியாயிரும்னு மேனேஜர் சொல்றான்."

"கெட்டிக்காரர்தான்."

"ஆமாங்கம்மா." பாராட்டென்றே எடுத்துக்கொண்டார். "நல்ல தண்ணியத்தானே சேர்க்கறோம், அதுல தப்பு உண்டுங்களா? மூடிட்டா அறுபது குடும்பம் தீபாவளி நேரத்துல எங்க போகும்?"

அம்மா எழுந்தார். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தார். ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"குடிங்க."

ஒரு வாய்தான். அர்த்தநாரி முகத்தைச் சுளித்தார். "முடியலீங்கம்மா. கரிக்குது."

அம்மா மோரை ஒரு காலிக் குடத்தில் கொட்டினார். அரைக்குடம் தண்ணீர் விட்டு, ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தார்.

"இப்ப?"

"இன்னும் இருக்குதுங்க."

மறுபடி தண்ணீர். குடம் கழுத்துவரை ஏறியது.

"இப்ப?"

சப்புக்கொட்டிப் பார்த்தார். "இப்ப சரியா இருக்குது. மோருன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க." அவரே சிரித்துவிட்டார்.

"மோர் கெடக்கட்டும். உப்பு அளவா இருக்குதா?"

"அளவா இருக்குதுங்க."

"அப்பக் குடிங்க."

டம்ளரைக் காலி செய்தார். அம்மா அடுத்ததை நீட்டினார். அதையும் குடித்தார். அதற்கடுத்ததை வாங்கக் கை நீளவில்லை. குடத்தை எட்டிப் பார்த்தார்.

"முழுசையுமாம்மா?"

"சொம்புல போட்ட உப்பு பூராவும் அதுலதானே இருக்குது."

"இத்தனையும் ஒரு ஆளு எப்படிங்க குடிக்கறது?"

"ஆறு குடிக்குதே," என்றார் அம்மா.

அர்த்தநாரி எழுந்தார். பிறகு வாசலுக்கு வந்து மேனேஜருக்குப் போன் செய்தார். சாயத்தொட்டிகளை இன்றைக்கே நிறுத்தச் சொன்னார். ஆட்களின் மூன்று மாதச் சம்பளத்துக்குத் தென்னந்தோப்பை விற்க ஆள் பார்க்கச் சொன்னார்.