மூன்று வழிக்கும் வாசனை வைத்த செந்நாய்கள்

ஆனைப்பாறைக் காட்டில் செம்பி என்ற செந்நாய்க்கு ஒரு கடமான் வேண்டும். முயல் வேண்டாம், காட்டுக்கோழி வேண்டாம். கிளை கிளையாகக் கொம்பு வைத்த ஒரு முழுக் கடமான்!

ஆசை இல்லை, அவசரம். குகைக்குள் ஆறு குட்டிகள். பாலை மறந்து கறிக்கு வாயைத் திறந்துவிட்டன. ஒரு முயலைக் கொண்டுவந்தால் ஆளுக்கு ஒரு வாய் கூடத் தேறாது. கடைக்குட்டிக்கு முயலின் காதுதான் மிஞ்சும். அது இப்போதெல்லாம் எழுந்து நிற்கவே தள்ளாடியது. இன்னும் சில நாளில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் பெரிய இரை விழாவிட்டால் அந்தக் குட்டி பிழைக்காது.

ஆனால் அந்த வீட்டில் கடமானை வேட்டையாடிய ஆள் ஒருவரும் இல்லை! மாமனாரின் பெரிய கூட்டத்தை விட்டுத் தனிக்குடித்தனம் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அங்கே பெரியவர்கள் விரட்டிப் பிடிப்பார்கள். செம்பியின் கணவன் சடைவாலனும், கொழுந்தன் வீச்சனும், நாத்தனார் மினுக்கியும் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பார்கள். அவ்வளவுதான் அனுபவம்.

"இன்னிலேர்ந்து அஞ்சாம் நாள் வேட்டை!" என்று சடைவாலன் அறிவித்ததும் வீடே குதித்தது. மினுக்கி தன் வாலைத் தானே துரத்தி மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"எப்படிப் பிடிக்கிறது? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள் செம்பி.

சடைவாலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "அந்தக் கடமான் கிளைக்கொம்பன் விடியக்காலையில புல்மேட்டுக்கு மேய வர்றான். அங்கேயிருந்து குளத்துக்கு இறங்க மூங்கில் வழி, பாறை வழி, நெல்லி மரத்து வழி, மூணுதான். குளத்துல இறங்கிட்டான்னா தொலைஞ்சோம். அவனுக்குத் தண்ணியில கால் எட்டும், நமக்கு எட்டாது. அதனால நான் மூங்கில்ல நிப்பேன். வீச்சன் பாறையில. மினுக்கி நெல்லியில. நீ பின்னாலேர்ந்து விரட்டு. யார்கிட்ட வந்தாலும் அவங்க சீழ்க்கை அடிக்கணும், மத்தவங்க ஓடி வரணும்!"

"நாலாவதா உண்ணிப் புதர் வழி ஒண்ணு இருக்கே?"

"ஏ செம்பி, அவ்வளவு பெரிய கொம்பைத் தூக்கிக்கிட்டு அந்த முள்ளுக்குள்ள எவனாவது நுழைவானா?"

அப்போதுதான் வீச்சனுக்கு மூளை வேலை செய்தது. அது எப்போதாவதுதான் செய்யும், செய்தால் ஊரைக் கூட்டிவிடும்.

"அண்ணி! அன்னிக்கு இருக்கற பரபரப்புல யார் எங்கே நிக்கணும்னு மறந்துட்டா? அவங்கவங்க இடத்துல இப்பவே காலைத் தூக்கி ஒரு அடையாளம் வெச்சுடுவோம்! மோந்து பார்த்தா தெரிஞ்சுடும்!"

"அடடா!" என்றான் சடைவாலன். "பிரமாதம்!" என்றாள் மினுக்கி. செம்பிக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. உற்சாகம் வந்துவிட்டால் யாருக்குத்தான் எது தப்பாகத் தெரிகிறது?

மறுநாளிலிருந்து ரிகர்சல். உச்சி வெயிலில், கடமான் இல்லாத நேரத்தில், நால்வரும் புல்மேட்டுக்குப் போவார்கள். மூங்கிலில் சடைவாலன் அடையாளம் வைத்தான். நெல்லியடியில் மினுக்கி வைத்தாள். மேட்டின் தலைப்பில் செம்பி வைத்தாள். வீச்சனுக்கு மட்டும் சாதாரணமாக வைத்தால் போதாது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பக்கத்தை ஆகாயத்துக்குத் தூக்கி, பாறையின் நெற்றியிலேயே வைத்தான்!

"தலைகீழா நின்னு என்னடா சர்க்கஸ்?" என்றாள் செம்பி.

"உயரத்துல இருந்தாத்தானே அண்ணி மூக்குக்கு நேரா இருக்கும்!"

யாருடைய மூக்குக்கு என்று அவன் யோசிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வெயிலில் வாசனை மங்கிவிடக் கூடாதென்று நாலு நாளும் தவறாமல் புதுப்பித்தார்கள்.

ஐந்தாம் நாள் விடிந்தது. புல்மேட்டில் பனி. நடுவில் மலை மாதிரி கிளைக்கொம்பன்! "இதோ வந்துட்டேன்!" என்று பாய்ந்தாள் செம்பி.

கிளைக்கொம்பன் ஓடினான். ஆனால் பதறி ஓடவில்லை. மூங்கில் வழியின் முகப்பில் ஒரு முறை மோந்தான், திரும்பினான். நெல்லிப் பக்கம் மூக்கை நீட்டினான், திரும்பினான். பாறைப் பக்கம் மோந்து தும்மியே விட்டான். பிறகு தலையை உயர்த்தி, கொம்பை முதுகோடு படியச் சாய்த்து, உண்ணிப் புதருக்குள் சரக்கென்று நுழைந்தான். அடுத்துக் கேட்டது குளத்தில் விழுந்த தொபுக்கென்ற சத்தம்தான்!

செந்நாய்கள் கரைக்கு ஓடி வந்தபோது அவன் நடுக்குளத்தில், வயிறு நனைய, சொகுசாக நின்றுகொண்டிருந்தான்.

"வாம்மா செம்பி! வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"எப்படித் தெரிஞ்சுது உனக்கு?" என்று கத்தினான் சடைவாலன்.

சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஜெயித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"நீங்கதானே அழைப்பிதழ் வெச்சீங்க! மூங்கில்ல மூத்தவன், நெல்லியில தங்கச்சி, பாறையில சின்னவன். நாலு நாளா தினமும் படிக்கிறேன்! கண்ணு எனக்குச் சுமார்தான். நான் நடக்கறதே மூக்கால. எங்கே உங்க வாசனை இருக்கோ அங்கே கால் வெக்க மாட்டேன். எங்கே இல்லையோ, கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்! தெரிஞ்சுக்கோ!"

செம்பி அவன் சொன்னதையெல்லாம் காதை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டாள்.

"என்னங்க, வீட்டுக்கு நடங்க," என்றாள். "டேய் வீச்சா, அழாதே. நானும்தான் உன்னோட சேர்ந்து வெச்சேன்."

அன்று மத்தியானம் பெருமழை கொட்டியது. புல்மேடு, பாறை, மூங்கில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டுப் போனது. குகையில் கடைக்குட்டி அம்மாவின் காலடியில் வந்து படுத்தது. வாலை ஆட்டப் பார்த்தது, முடியவில்லை.

செம்பி எழுந்தாள். "எல்லாரும் கிளம்புங்க! இன்னிக்கும் அடையாளம் வெக்கப் போறோம்."

"மறுபடியுமா?" என்றாள் மினுக்கி.

"மறுபடியும்தான். மூங்கில்ல வை, நெல்லியில வை, உண்ணிப் புதர்ல ரெண்டு மடங்கு வை! பாறையில மட்டும் ஒரு சொட்டு விழக் கூடாது. டேய் வீச்சா, உன்னைத்தான் சொல்றேன். பாறைப் பக்கம் போனே, பின்னங்காலை ஒடிச்சுடுவேன்!"

வீச்சன் பின்னங்கால் இரண்டையும் இறுக்கி வைத்துக்கொண்டு தலையாட்டினான்.

மறுநாள் விடியும் முன்பே செம்பி மேட்டுக்குப் போக, மற்ற மூவரும் குளக்கரையாகச் சுற்றிப் போய்ப் பாறைக்குப் பின்னால் பதுங்கினார்கள். காற்று மேட்டிலிருந்து கீழே வீசியது. கடமானின் வாசனை அவர்களுக்கு வந்தது, அவர்கள் வாசனை அவனுக்குப் போகவில்லை.

மேட்டிலிருந்து செம்பி பாய்ந்தாள்.

"மறுபடியும் வந்துட்டியா?" என்று கிளைக்கொம்பன் துள்ளி ஓடினான். மூங்கிலில் மோந்தான். "மூத்தவன்!" நெல்லியில் மோந்தான். "தங்கச்சி!" உண்ணிப் புதரில் மோந்தான். "ஓஹோ, இன்னிக்கு இதுக்கும் காவலா! தேறிட்டீங்க!" பாறைப் பக்கம் மோந்தான். மழை கழுவிய கல் வாசனை, வேறொன்றும் இல்லை. சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு அந்த வழியில் இறங்கினான்.

பாறைக்குப் பின்னாலிருந்து சீழ்க்கை கிளம்பியது! முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. குளம் பத்தே அடியில் இருந்தது. கிளைக்கொம்பனால் அந்தப் பத்து அடியைக் கடக்க முடியவில்லை.

செந்நாய்கள் கறியை வயிறு நிறையச் சுமந்து வந்து குகை வாசலில் கக்கின. ஆறு குட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தின்றன. கடைக்குட்டி அன்றும் தள்ளாடியது. ஆனால் இந்த முறை தடுக்கிவிட்டது அதன் சொந்த வயிறு!

மறுநாள் எல்லாரும் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது, வீச்சன் மெல்லப் பாறைப் பக்கம் நழுவினான். "அண்ணி, முதல் வேட்டை நடந்த இடமாச்சே. ஞாபகத்துக்கு ஒரு சின்ன அடையாளம்..."

"காலைக் கீழே வைடா!" என்றாள் செம்பி.

செய்யப் போகும் திட்டத்தைப் பறைசாற்றியவனும், செய்து முடித்த சூட்சுமத்தைச் சொல்லிக்காட்டியவனும் தங்களைத் தாங்களே எதிரியிடம் காட்டிக்கொடுக்கிறார்கள்.