அக்குள் நெறி ஊமையான கதை

அந்தக் காலத்தில் ஆடுமாடுகள் மட்டுமில்லை, உடம்புக்குள் இருக்கிற ஒவ்வொரு உறுப்பும், ஒவ்வொரு உயிரணுவும் பேசும். அதிலும் பெரிய வாயாடி அக்குள் நெறிதான். காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் கட்டுமே, அந்த நெறிக்கு இது அண்ணன். மார்பிலிருந்து உடம்புக்குள் போகிற வழியில் காவல் காப்பது இதன் வேலை. வெளியிலிருந்து கிருமி வந்தால் அடித்து நொறுக்கிவிடும். சொந்தக்காரர் என்றால் மட்டும் உருகிப்போய்விடும்.

ஆடு மேய்க்கும் பூங்காவனத்தின் மார்பில் ஓர் உயிரணு இருந்தது. வயதானால் விடைபெற்றுப் போவது உயிரணுக்களின் வழக்கம். இதுவோ போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, புளியங்கொட்டை அளவுக்குக் கட்டியாகிவிட்டது. இருக்க இடம் போதாமல், அதிலிருந்து ஒன்று கழன்று அக்குளுக்கு வந்தது.

“யாரது?” என்று அதட்டியது நெறி.

“நான்தான் மாமா. மார்புப் பக்கம். இதே உடம்புல பிறந்தவன்.”

“அடடே, நம்ம பிள்ளையா! வாப்பா, உட்காரு.”

உட்கார்ந்தது. மறுநாள் பார்த்தால் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிகளைத் தலை எண்ணுவது அழகில்லை என்று நெறி பேசாமல் இருந்துவிட்டது. சில நாளில் இருவர் எழுந்து, “வர்றோம் மாமா” என்றார்கள். எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகிற பாதை அது. அங்கே இவர்கள் குடியேறினால் பூங்காவனம் பிழைக்க மாட்டாள். ஆனால் புறப்படுகிறவரை ‘எங்கே போறே?’ என்று கேட்டால் சகுனத் தடையாயிற்றே! நெறி கேட்கவில்லை. கதவைத் திறந்து வழியனுப்பியது.

பூங்காவனமும் லேசுப்பட்டவள் இல்லை. கட்டி கையில் தட்டுப்பட்டும், வெட்கப்பட்டு யாரிடமும் மூச்சுவிடவில்லை. கை கனத்து, ஆட்டுக்கம்பைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் வைத்தியச்சி வேலாத்தாளிடம் வந்தாள்.

“கையைத் தூக்குடி” என்றாள் வேலாத்தாள்.

தூக்கியதும் அக்குளுக்குள்ளிருந்து நெறி வரவேற்றது. “வாங்கம்மா, வாங்க! வீடு நிறைய ஆளு. எல்லாம் நம்ம சொந்தம்தான்.”

“அடப்பாவி! உன்னைத் தாண்டி உள்ளே எத்தனை பேரை விட்டே?”

“ரெண்டே ரெண்டு பேரு.”

“எங்கே போனாங்க?”

“கிளம்புறவங்களை அப்படிக் கேட்கலாமாம்மா?”

வேலாத்தாளுக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. “உன் மரியாதையில ஒரு பொம்பள உசுரு போகப் பார்க்குது! கேட்க வேண்டியதைக் கேட்காத வாய் உனக்கு எதுக்கு? ஊமையாப் போ!”

நெறி அப்போதே ஊமையானது. வேலாத்தாள் மார்புக் கட்டியோடு, அக்குளில் உட்கார்ந்திருந்தவர்களையும் அறுத்தெடுத்தாள். போன இரண்டு பேரையும் குடியேறும் முன்பே துரத்த வருஷம் முழுக்கக் கசப்பு மருந்து கொடுத்தாள். பூங்காவனத்துக்கு முடியெல்லாம் கொட்டி, அவள் ஆடுகளே அவளை அடையாளம் தெரியாமல் முட்ட வந்தன. ஆனால் பிழைத்துக்கொண்டாள்.

அந்த நாளிலிருந்துதான், மார்பில் கட்டி என்று போனால் மருத்துவர் அக்குளிலும் விரல் வைத்துத் தேடுகிறார். நெறி வீங்கி நிற்குமே தவிர, வாய் திறக்காது. அதனால்தான், சொல்ல வேண்டியதை இன்றுவரை பெண்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.