கள்ளிச் சட்டியோட வந்தது

ஒரு ஊர்ல ஒரு முத்துப்பேச்சி இருந்தா. தண்ணிக்கு ரொம்பக் கஷ்டமான ஊரு. ரோசா வச்சா கருகிடும், முல்லை வச்சா காஞ்சிடும். அதனால அவ குட்டிக்குட்டிக் கள்ளிச்செடியா வளர்த்தா. உருண்டையா ஒண்ணு, விரல் மாதிரி ஒண்ணு, பஞ்சு சுத்துன மாதிரி ஒண்ணு. பத்து நாளைக்கு ஒருக்கா ரெண்டு கரண்டித் தண்ணி, அவ்வளவுதான். கூட ஊத்துனா வேரு அழுகிடும். நான் சொல்லச் சொல்ல நீ ம் சொல்லு.

"ம்."

வீட்டுல அவ, எட்டு மாசத்துப் பொம்பளப்பிள்ளை, அப்புறம் மாமியா இசக்கியம்மா. மாமியாளுக்கு மூட்டுவலி, கட்டில விட்டு எந்திரிக்க முடியாது. வீட்டுக்காரன் லாரியில வெளியூரு போயிருந்தான்.

அப்போ ஒரு நாள் சாயங்காலம் கடகடன்னு இடி. சடசடன்னு மழை. "ஐயோ, என் செடி அழுகிருமே!"ன்னு முத்துப்பேச்சி வாசலுக்கு ஓடுனா. முதல்ல தயிர் டப்பாவுல இருந்ததையெல்லாம் தூக்கிட்டு வந்தா. அப்புறம் தேங்காச் சிரட்டையில இருந்தத. அப்புறம் ஒரு அகலச் சட்டி. அதுக்கு அடியில ஒரு பழைய சாக்கு. சாக்கோட சேர்த்து அள்ளி, வயித்தோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தா. வீடெல்லாம் ஒழுகுது. ஒழுகாத இடம் பிள்ளைத் தொட்டிலுக்குப் பக்கத்துலதான். அங்கேயே வச்சா. சேலைத் தொட்டிலு, தரையில இருந்து ஒரு சாண் உசரம். பிள்ளை தூங்குது.

அப்போ கேட்டுச்சு. சர்ர்ர்... சர்ர்ர்...

"என்ன பெரியம்மா அது?"

அவளுக்கும் தெரியல. சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி சத்தம். மழை அடுப்புல சொட்டுதோன்னு திரும்பிப் பார்த்தா. அடுப்பு எரியவே இல்ல.

கட்டில்ல இசக்கியம்மா முகம் வெளுத்துப்போச்சு. "ஏட்டி பேச்சி, அசையாத. சுருட்டை விரியன்ட்டி, உடம்ப உரசிச் சத்தம் போடுது. அந்தச் சாக்குக்குள்ள இருக்கு."

அவ வயித்தோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தாளே, அந்தச் சாக்கு.

பிள்ளைய எடுக்கணும்ல? மெல்ல ஒரு எட்டு வச்சா. சர்ர்ர்! சாக்குல இருந்து சின்னத் தலை ஒண்ணு விசுக்குன்னு பாய்ஞ்சுச்சு. பின்னால துள்ளிட்டா. அப்புறம் நனைஞ்ச துண்ட எடுத்து அது மேல எறிஞ்சா. அது வெளிய ஓடும்னு பார்த்தா, வழுக்கிட்டுப் போயி தொட்டிலுக்கு நேர் கீழ சுருண்டுக்கிச்சு.

"ம்... பிள்ளைய கடிச்சுதா?"

கேளு. அப்போதான் பிள்ளை முழிச்சு, "ங்கா"ன்னு காலை உதைச்சுச்சு. தொட்டில் ஆடுது. கீழ சர்ர்ர், மேல ங்கா. "எம்மா, எம் பேத்தி!"ன்னு இசக்கியம்மா வாயப் பொத்திக்கிட்டா.

செடிக்கெல்லாம் பின்னால, சுவர் மூலையில ஒட்டடைக் கம்பு சாஞ்சிருந்துச்சு. எட்டணும்னா கையை ஊன்றியாகணும். ஊன்ற இடமில்ல, எல்லாம் கள்ளி. முத்துப்பேச்சி இடது கைய அந்த முள்ளு மேலயே ஊன்றுனா. நறுக்நறுக்குன்னு ஏறுச்சு. கத்தல. கத்துனா அது அசையும்ல? கம்ப எடுத்தா, தூரத்துல நின்னு தொட்டில் சேலையில மாட்டுனா, மெல்ல மெல்ல தன் பக்கமா இழுத்தா. தொட்டில் பாம்புக்கு மேலயே வருது. ஒரு சாண்... ரெண்டு சாண்... லபக்குன்னு பிள்ளைய அள்ளிட்டா!

"அப்பாடா."

பிள்ளைய மாமியா மடியில போட்டுட்டு, "பாம்பு! பாம்பு!"ன்னு தெருவுக்கு ஓடுனா. பாம்பு பிடிக்கிற அந்தோணி ஓடி வந்தாரு. ஒரு டப்பாவுல அதைத் தள்ளி மூடி, தூரத்துப் பாறைக் கரட்டுல கொண்டுபோயி விட்டுட்டாரு.

அன்னைக்கு இசக்கியம்மா மருமக கையை மடியில வச்சு, ஒவ்வொரு முள்ளாப் பிடுங்குனா. அழுதுக்கிட்டே பிடுங்குனா.

தெருக்காரங்க எல்லாம், "முள்ளுச்செடி வீட்டுக்கு ஆகாது, குப்பையில கொட்டு"ன்னாங்க. மூணு நாளு யாரும் அதுங்க பக்கமே போகல. நாலாம் நாளு பளிச்சுன்னு வெயில் அடிச்சுது. இருட்டுலயே கிடந்து செடியெல்லாம் வெளிறிப்போயிருந்துச்சு. முத்துப்பேச்சி வாசல்ல செடி வைக்க இடுப்பு உசரத்துக்குப் பலகை கட்டுனா. அப்புறம் உள்ள வந்து, ஒவ்வொரு செடிக்கும் அடியில குனிஞ்சு பார்த்துப் பார்த்து வெளிய தூக்கிட்டுப் போனா.

"அவளுக்குப் பயம் போயிடுச்சா, பெரியம்மா?"

இல்லம்மா. பயந்து பயந்துதான் தூக்குனா. பயந்தாலும் ஒண்ணக்கூடக் கீழ போடல.

அம்புட்டுத்தான் கதை. கால உள்ள இழு, போர்வைய மூடு, கண்ண மூடு.