தட்டினால் விட வேண்டும்

"தொங்குற பையைக் குத்த முடியுது, கோச். ஆளைக் குத்தத்தான் கை வரமாட்டேங்குது. ஏன்?"

டயர் கடை மாடியில் பெண்களுக்கான எம்.எம்.ஏ. சண்டைப் பயிற்சி வகுப்பு. கேட்டவள் பெனடிக்டா. கோச் ஷெர்லின் அவளைவிட நாலு வயது இளையவள்.

ஷெர்லின் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மெத்தையில் மல்லாந்து படுத்தாள்.

"மேல ஏறி உக்காருங்கக்கா. முட்டியால என் விலாவை இறுக்குங்க. இடுப்பைக் கனமா வைங்க. ம், இப்போ மேலேர்ந்து குத்துங்க."

பெனடிக்டா குத்தினாள். முகத்துக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றுவிட்டது.

"என்னக்கா, கன்னத்துக்குப் பவுடரா போடுறீங்க?"

"விழுந்தவங்களை அடிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சிஸ்டர்மார் சொல்லி வளர்த்தாங்க, கோச்."

"உங்க வீட்டுக்காரர் எந்த ஸ்கூல்?"

பெனடிக்டா முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மெத்தை ஓரத்தில் அவள் மகள் டியாரா பிஸ்கட் தின்றுகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை வயது.

அந்த வகுப்பில் மீறக் கூடாத சட்டம் ஒன்றே ஒன்றுதான். கீழே இருப்பவள் தாங்க முடியாமல் தரையை இரண்டு தட்டு தட்டினால், மேலே இருப்பவள் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும்.

குழந்தைக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. யார் தட்டினாலும் கூடவே தட்டிச் சிரிப்பாள்.

ஒரு வாரம் பெனடிக்டா வரவில்லை.

வந்தபோது இடது கண் மூடிக் கிடந்தது.

"அவர் என்னைக் கீழ தள்ளி மேல ஏறி உக்காந்துட்டார், கோச். நீங்க சொல்லித்தந்த அதே மாதிரி. முட்டியால விலாவை இறுக்கிக்கிட்டு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலை. இவதான் வந்தா." மகளைக் காட்டினாள். "பக்கத்துல உக்காந்து தரையைத் தட்டினா. ரெண்டு தட்டு. அவர் விடலை. மறுபடியும் தட்டினா. 'அப்பா, நான் தட்டிட்டேன்ல'ன்னா."

ஷெர்லின் குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கை சிவக்கிற வரைக்கும் தட்டினா, கோச்."

ஷெர்லின் மெத்தையில் படுத்தாள். இந்தத் தடவை தலைக்கவசம் இல்லை.

"ஏறுங்க."

பெனடிக்டா ஏறினாள்.

முதல் குத்து ஷெர்லினின் முழங்கையில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று பெனடிக்டா பார்க்கவில்லை. நாலாவதுக்குக் கை ஓங்கினாள்.

தட், தட்.

ஷெர்லினின் இரண்டு கைகளும் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தன. தட்டியது அவள் இல்லை.

பெனடிக்டாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அம்மா விட்டுட்டாங்க!" டியாரா பிஸ்கட் கையோடு குதித்தாள். பிறகு என்னவோ யோசித்தாள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு இந்த ரூல் தெரியாது. பாவம். நாளைக்கு அவரையும் கிளாஸுக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

ஷெர்லின் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

பெனடிக்டா இறங்கினாள். கையுறைப் பட்டையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். கைப்பையைத் துழாவி வீட்டுச் சாவியை எடுத்தாள். ஷெர்லினின் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"இனி அந்த வீட்டுக்குப் போகலை, கோச். ஆனா நாளைக்கே வந்து இதைக் கேப்பேன். அழுவேன். அவர் திருந்திட்டார்னு சத்தியம் பண்ணுவேன்."

"பண்ணினா?"

"நான் தட்டினாலும் விடாதீங்க."