பின்சுவர் ஏறிய காழி

கப்பல்களைக் காற்றே ஓட்டிய காலம் அது. பவழத்துறை என்ற கடற்கரைப் பட்டினத்தில், மார்க்கத் தீர்ப்புச் சொல்ல அபூசாலிகு என்று ஒரு காழி இருந்தார். மகா சந்தேகப் பிராணி. பால்காரியின் கண் முன்னாலேயே பாலை மூன்று முறை முகர்ந்து பார்ப்பார். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். யாராவது சலாம் சொன்னால், எதற்காகச் சொன்னான் என்று மூன்று தெரு தாண்டும்வரை யோசிப்பார்.

சிரிக்காதீர்கள், அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் பச்சைத் தலைப்பாகையோடு ஒருவன் வந்தான். திருமறைக்கு வெளிப்பொருள் வேறு, உள்பொருள் வேறு என்றான். நோன்பின் உள்பொருள் நாவை அடக்குவதுதான், வயிறு என்ன பாவம் செய்தது என்று கேட்டுவிட்டு, ரமலான் பகலில் மூக்குமுட்டத் தின்றான். அவன் பேச்சில் மயங்கி நாற்பது பேர் நோன்பை விட்டார்கள். ஒருநாள் அவன் கப்பலேறிப் போய்விட்டான். அந்த நாற்பது பேரையும் வழிக்குக் கொண்டுவரக் காழிக்கு இரண்டு வருடம் பிடித்தது. அன்றுமுதல் உள்பொருள் என்ற சொல் காதில் விழுந்தாலே அவருக்கு உடம்பு எரியும்.

இப்படி இருக்கையில், ஒரு ரமலான் மாதப் பிறப்பில் இல்யாசு பாவா என்ற சூஃபி மூடிய வண்டி ஒன்றில் வந்து இறங்கினார். ஊர்க் கோடியில் வீடு பிடித்தார். மாலையில் பள்ளிவாசலில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு மறையின் பொருள் சொன்னார். பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் மீறான் அதைக் காழியிடம் ஓடிவந்து சொன்னார்.

"வசனத்தோட சொல்லு வாசலாம், பொருளு உள்ளே இருக்கிற அறையாம். வாசல்லயே நின்னுட்டுத் திரும்பக் கூடாதாம். சுவரேறிக் குதிக்கவும் கூடாதாம். அப்படிச் சொல்றாரு, காழியாரே."

"கள்ளன்தான் சுவரைப் பற்றி யோசிப்பான்" என்றார் காழி. "இவன் நோன்பு விடுகிறவன் என்று தெரியட்டும், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு ஊரை விட்டு அனுப்புகிறேன்." ஊருக்கும் அதை அறிவித்தார்.

முதலில், பாவா தனியாக இருக்கும் நேரம் பார்த்து, பகலில் ஒரு தட்டுப் பேரீச்சம்பழத்தை அருகில் வைக்கச் செய்தார். பாவா ஒன்றைக்கூடத் தொடவில்லை. 'பசியில்லை. அப்படியென்றால் ஏற்கெனவே தின்றிருக்கிறான்' என்று நினைத்தார் காழி.

அடுத்து, தொழுகைக்கு முன் பாவா கைகால் கழுவுவதைத் தூண் மறைவில் நின்று பார்த்தார். ஒவ்வோர் உறுப்பையும் முறைப்படி மூன்று தரம் கழுவினார் பாவா. 'நான் நிற்பதைப் பார்த்துவிட்டான்' என்று நினைத்தார் காழி.

இதற்கிடையில் பாவாவே காழியைத் தேடி வந்தார். வாசலில் நின்று மூன்று முறை சலாம் சொன்னார். மூன்று முறை சொல்லியும் பதில் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவது முறை. காழியோ கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'என்ன கேட்க வந்தான்? கையில் என்ன கொண்டு வந்தான்?' பாவா திரும்பிப் போனார். மறுநாளும் வந்தார், திரும்பினார். மூன்றாம் நாளும் அப்படியே.

வியாழக்கிழமை நடுப்பகலில் மோதினார் மூச்சிரைக்க வந்தார். "பாவா வீட்டு அடுப்படியில புகை வருது!"

காழிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ரமலான் பகலில் அடுப்பு எரிகிறது! வாசல் வழியாகப் போனால் பானையை ஒளித்துவிடுவான் என்று, வயதையும் பார்க்காமல், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்சுவர் ஏறிக் குதித்தார்.

உள்ளே ஒரு பெண் பாயில் கிடந்தாள். பாவா அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் நோன்பில் காய்ந்து வெடித்திருந்தன. பெண்ணின் முகத்தைப் பெரியம்மை தின்றிருந்தது. ஒரு கண் இல்லை. காழியைக் கண்டதும் அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் புரண்டாள். கஞ்சி பாயெல்லாம் கொட்டியது.

"யாரும் பார்க்க மாட்டாங்கன்னு சொல்லித்தானே என்னைக் கூட்டி வந்தீங்க" என்று கணவரிடம் அழுதாள்.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே காழிதான்.

"என் மனைவி சபுரா" என்றார் பாவா. "பழைய ஊர்ல இவ முகத்தைப் பார்த்துப் பிள்ளைங்க கல்லெறிஞ்சாங்க. இன்னொரு பயணத்தை இவ உடம்பு தாங்காது. அதைத் தனியா உங்ககிட்டச் சொல்லத்தான் மூணு நாள் வந்தேன்."

காழி தூக்கிச் செருகியிருந்த அங்கியை இறக்கிவிட்டார்.

"வீடுகளுக்குள்ள வாசல் வழியா வாங்கன்னு மறையில இருக்கு. அந்த வசனத்துக்கு உள்பொருள் என்னன்னு நான் இருபது வருசமா யோசிக்கிறேன். வெளிப்பொருளுக்குக் காவல் இருக்கிற நீங்க, அதையே விட்டுட்டீங்களே, காழியாரே."

காழி வாசல் வழியாக வெளியே போனார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்தது. தீர்ப்புக் கேட்க ஊரே காத்திருந்தது. பார்த்ததைச் சொன்னால் பாவா தப்புவார், ஆனால் சபுராவின் முகம் ஊர்வாயில் விழும். சொல்லாவிட்டால், பகலில் எரிந்த அடுப்பைக் காட்டி ஊர் இருவரையும் வெளியேற்றும். காழி எழுந்தார்.

"நேற்று நான் அடுத்தவர் வீட்டில் சுவரேறிக் குதித்தேன். அந்த வீட்டில் குற்றம் செய்தவன் நான் ஒருவன்தான். பாவா நோன்பாளி. அதற்கு நான் சாட்சி."

"அப்போ அந்தப் புகை?" என்று கேட்டார் மோதினார்.

"அது மார்க்கத்துக்கு உட்பட்ட புகை. மேலே கேட்காதீர்கள். இதோடு காழிப் பதவியிலிருந்தும் நான் இறங்குகிறேன்."

ஊர் நம்பியதா? எங்கே நம்பியது! பாவா ஏதோ கொடுத்து வாயை அடைத்துவிட்டார் என்றார்கள். மருந்து வைத்துவிட்டார் என்றார்கள். அபூசாலிகு சலாம் சொன்னால், எதற்காகச் சொன்னார் என்று அவர்கள் மூன்று தெரு தாண்டும்வரை யோசித்தார்கள். அவரும் வாய் திறக்கவில்லை, சாகும்வரை திறக்கவில்லை. ஆனால் காழியாக இருந்தபோது அவர் சொன்ன சாட்சியைத் தள்ள முடியாது என்பதால் பாவாவை யாரும் துரத்தவில்லை.

அந்த வெள்ளி மாலையே அவர் பாவாவின் வாசலுக்குப் போனார். ஒரு முறை சலாம் சொன்னார். பதில் இல்லை. இரண்டாம் முறை சொன்னார். அப்போதும் இல்லை. மூன்றாம் முறையும் சொன்னார். பதில் வராததால், முறைப்படி திரும்பினார்.

உள்ளேயிருந்து சபுராவின் குரல் கேட்டது. "இன்னைக்கு வாசல் வழியா வந்திருக்காங்க. திறந்து விடுங்க."

மறையானாலும் மனிதரானாலும், உள்ளே இருப்பதை அறிய விரும்புகிறவர் வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.