முப்பதுக்குப் பதினொன்று

மடத்தின் பின்கட்டிலிருந்து தேங்காய் துருவும் சத்தம் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

அம்மா எழுந்து போனார். குருவை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அரிவாள்மணை முன்னால் சீடர் வைரவன் உட்கார்ந்திருந்தார். கையில் பாதி துருவிய மூடி. பக்கத்தில் இறுக்கிக் கட்டிய துணிப்பை. குருவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சீடருக்கு எழுபத்தாறு.

"எங்கே கிளம்பிட்டீங்க, ஐயா?"

"மகன் வீட்டுக்கும்மா. காலையில டாக்டர் ஞாபகப் பரிட்சை வெச்சாரில்ல. முப்பதுக்குப் பதினொண்ணு."

"பள்ளிக்கூடத்துல எவ்வளவு வாங்கினீங்க?"

"அப்பவும் இதே கதைதான்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அஞ்சு வார்த்தை சொன்னார், ஒண்ணும் நிக்கலை. தேதி தெரியலை. கடிகாரம் வரையச் சொன்னார், எல்லா எண்ணும் ஒரே பக்கமாப் போய் ஒண்டிக்கிச்சு. அதெல்லாம் போகட்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க உபதேசம் பண்ணீங்களே, அதைக் காலையிலேருந்து தேடறேன். அதுவும் இல்லை. உபதேசத்தைத் தொலைச்சவன் சீடனாம்மா?"

அம்மா அன்னதானக் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"இலை போட்டாச்சு. பரிமாற ஆள் குறையுது. பரிமாறிட்டுப் போங்க."

வைரவன் வாளியை எடுத்தார். அம்மா பந்தியின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"பெரியவரே, கூட்டு மூணாவது தடவை!" என்று ஒருவர் இலையை மறைத்தார். பந்தியே சிரித்தது. வைரவனும் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அடுத்து பாயசம். ஒரு லாரி டிரைவர் ஆசையாக டம்ளரை நீட்டினார். வைரவன் அவரைத் தாண்டிப் போனார்.

"ஐயா, எனக்கு?"

"உங்களுக்கு ஆகாது. போன தடவை இதைக் குடிச்சிட்டு வாசல்ல மயங்கி விழுந்தீங்க."

"சரி, என் பேர் என்ன, சொல்லுங்க?"

வைரவன் யோசித்தார். வரவில்லை.

"பேரை மறந்துடறாரு, சர்க்கரையை மட்டும் மறக்க மாட்டேங்கிறாரு!" டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பூக்கட்டும் மரகதம் சாப்பிட்டு எழுந்தாள். அவள் கேட்கவேயில்லை. வைரவன் உள்ளே போய், குழையப் பிசைந்த ரசஞ்சாதத்தைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்தார். வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பந்தி முடிந்தது. வைரவன் அம்மாவிடம் வந்து நின்றார். வாளி இன்னும் கையிலேயே இருந்தது.

"போறதுக்கு முன்னாடி அந்த உபதேசத்தை ஒரு தரம் திருப்பிச் சொல்லுங்கம்மா. வழியிலேயே மறந்தாலும் பரவாயில்லை."

"அடுப்பு இனிமே வேண்டாங்கய்யா. ரெண்டு தடவை பாலைத் தீய விட்டுட்டீங்க. பந்தி உங்களோடது."

"உபதேசம்?"

"அன்னிக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லலை. நீங்க உள்ளே வந்தப்போ பந்தி நடந்துட்டிருந்துச்சு. உங்க கையில இந்த வாளியைக் கொடுத்தேன்."

வைரவன் வாளியைப் பார்த்தார். பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பின்கட்டுக்குப் போய், துணிப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாதி துருவிய மூடியைக் கையில் எடுத்தார்.

கரகரவென்று சத்தம் கேட்கத் தொடங்கியது.