மணி கட்டிய கூடார வண்டி

ஒரு காட்டில் கும்மாளன் என்றொரு கரடி இருந்தது. மற்ற கரடிகள் எல்லாம் குகை தேடி அலைந்தபோது, அது மட்டும் வீட்டையே வண்டியாகக் கட்டிக்கொண்டது!

அது சாதாரண வண்டியா என்ன? கல்லும் பள்ளமும் தாண்டிப் போகிற கூடார வண்டி. கரடி உயரத்துக்கு இரண்டு சக்கரம். உள்ளே வைக்கோல் மெத்தை. பின்பலகையை இறக்கினால் அடுப்படி. பக்கத்துத் துணியை இழுத்துக் கட்டினால் பந்தல். இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். கும்மாளனுக்குத் தலைகால் புரியவில்லை.

விடிந்தால் போதும், வண்டியைத் துடைக்கும். காவிப் பட்டை தீட்டும். முகப்பில் மயிலிறகு செருகும். ஆனால் வண்டிக்கு அடியில் மட்டும் ஒருநாளும் குனிந்து பார்க்காது. "அங்கே என்ன இருக்கு? சேறும் சகதியும்தானே! அதை யார் பார்க்கப் போறாங்க?" என்று சொல்லிவிடும். போன மழைக்காலத்தில் ஓடை தாண்டியபோது அப்பிய மணல், சக்கரத்தில் அச்சு நுழைகிற நடுக்குடத்துக்குள் அப்படியே காய்ந்து கிடந்தது.

ஒருநாள் மலைக்கு அப்பாலிருந்து நல்ல சேதி வந்தது. தங்கை தேனம்மையின் குட்டிக்குக் காதுகுத்து! கும்மாளன்தான் தாய்மாமன். மாமன் மடியில் உட்காராமல் எந்தக் குட்டிக்காவது காது குத்துவார்களா? மாமன் சீர் வராவிட்டால் தங்கையால்தான் நாலு பேர் முன்னால் தலை நிமிர முடியுமா?

"என் தங்கச்சி தலை குனியவே கூடாது. அவள் புகுந்த ஊரே வாயைப் பிளக்கிற மாதிரி சீர் கொண்டுபோறேன் பார்!" என்றது கும்மாளன். மரம் மரமாக ஏறி, தேனீக்களிடம் கொட்டு வாங்கி, மூக்கு வீங்கி, பானை பானையாக மலைத்தேன் சேர்த்தது.

பானைகளை ஏற்றியதும் வண்டியில் இடம் இல்லை. மூலையில் ஒரு மூங்கில் குழாய் இருந்தது. அதில்தான் அச்சுக்குப் போடுகிற வண்டி மை இருந்தது. கும்மாளன் அதைத் தூக்கி வெளியே வைத்தது. அந்த இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டியது. மாமன் அழகாகப் போய் இறங்க வேண்டாமா?

வண்டி இழுக்க எருமை மாயக்கா வந்தது. மாயக்கா உள்ளதை உள்ளபடி சொல்லும், பூசி மெழுகத் தெரியாது. கூடவே நரி நைசப்பனும் வந்து நின்றது. எங்கே விருந்து என்றாலும் அதற்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"அண்ணாச்சி, தாய்மாமன் துணைக்கு ஆளில்லாமப் போனா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே மெத்தையில் ஏறிப் படுத்தது நரி.

வண்டி கிளம்பியது. ஆலமரம் தாண்டவில்லை, "கிறீ...ச்!" என்றது சக்கரம்.

மாயக்கா நின்றுவிட்டது. "தம்பி, அச்சு கத்துது. மை போட்டியா?"

"மை கிளம்பின இடத்திலேயே இருக்குக்கா."

"அங்கே இருந்து என்ன பிரயோசனம்? திரும்பிப் போவோம். சக்கரத்தைக் கழற்றி மணலைத் துடைச்சு மை போட்டா, வெயில் தாழக் கிளம்பிடலாம்."

கும்மாளன் தலையைச் சொறிந்தது. திரும்பலாம் என்றுதான் அதற்கும் தோன்றியது. நரிக்கோ பகீரென்றது. தாமதமானால் முதல் பந்தி போய்விடுமே!

"சேச்சே, இதுக்குப் போய் யாராவது சகுனம் பார்த்த மாதிரி திரும்புவாங்களா?" என்றது நரி. "சத்தம்தானே உங்களுக்குத் தொந்தரவு? உங்க அலங்காரப் பெட்டியிலே கொத்துக் கொத்தா மணி கிடக்கு. எடுத்துக் கட்டுங்க அண்ணாச்சி! ஜல்ஜல்னு போனா, மாமன் வர்றார்னு காடே திரும்பிப் பார்க்கும்!"

அடடா, கும்மாளனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது! இருந்த மணியை எல்லாம் வண்டியைச் சுற்றிக் கட்டியது. ஜல் ஜல் ஜல்! கிறீச் சத்தம் போன இடம் தெரியவில்லை.

"பார்த்தியாக்கா? சரியாப் போச்சு!" என்றது.

"சத்தம்தான் கேட்கலை. மத்தபடி ஒண்ணும் சரியாகலை" என்றது மாயக்கா. வண்டியில் இருந்தவர்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

நடுவழியில் கும்மாளனின் மூக்கில் ஏதோ கருகல் வாடை ஏறியது. "நைசப்பா, தீய்ந்த வாசனை வருதே?"

"காட்டிலே யாராவது கிழங்கு சுடுவாங்க. பெட்டியிலே இருக்கிற தாழம்பூவை மாட்டுங்க, சரியாப் போயிடும்."

கும்மாளன் தாழம்பூவை மாட்டியது.

மலை இறக்கத்தில் வண்டி இப்படியும் அப்படியும் ஆடியது. கும்மாளன் இறங்கிப் பார்க்கலாமா என்று காலை எடுத்து வெளியே வைத்தது. அதற்குள் மணிகள் இன்னும் பலமாகக் குலுங்க, "ஆஹா, வண்டி நடனமாடுது அண்ணாச்சி!" என்றது நரி. கும்மாளன் காலை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் நரி அடுத்த வளைவிலேயே கீழே குதித்துவிட்டது. "உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு. நான் பொடிநடையா வந்துடறேன்!"

கடைசியாக ஆற்றுப்படுகை வந்தது. ஒரே கல்லும் மணலுமாக இருந்தது. அக்கரையில் சொந்தபந்தம் எல்லாம் திரண்டு நின்றது. தேனம்மை குட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "அதோ மாமா! மாமாவோட மணிச்சத்தம்!" என்று கைகாட்டியது. மேளம் கொட்டியது. கும்மாளனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டியது.

"மடார்!"

தீய்ந்து இற்றுப்போன அச்சு முறிந்தது. ஒரு சக்கரம் தனியாக உருண்டு ஆற்றுக்குப் போனது. வண்டி குடை சாய்ந்தது. பானைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நொறுங்கின. மலைத்தேன் முழுவதும் கும்மாளனின் தலையில் கொட்டியது. மணிகள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

அப்போதுதான் கும்மாளன் வாழ்க்கையில் முதல்முறையாக வண்டியின் அடியைப் பார்த்தது. அச்சு கரிக்கட்டையாக இருந்தது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலில் வந்தது தேனம்மையின் புருஷன்.

"மச்சான்! அடி ஒண்ணும் படலையே?" என்று தூக்கி நிறுத்திய அந்தக் கரடியின் இடுப்பில், மை நிறைந்த மூங்கில் குழாய் ஒன்று தொங்கியது.

கும்மாளன் அதையே பார்த்தது. "இது எதுக்கு மாப்பிள்ளை?"

"உங்களுக்காகத்தான்! சீர் பாரத்தோட மலை இறங்கினா அச்சு காய்ஞ்சிடுமேன்னு காலையிலேருந்து இதைக் கட்டிக்கிட்டுக் கரையிலேயே நிக்கிறேன். ஒரு கிறீச் சத்தம் கேட்டிருந்தா மலைக்கே ஓடி வந்திருப்பேன். நல்லாக் காது கொடுத்துக் கேட்டேன் மச்சான், மணிச்சத்தம்தான் கேட்டுது. ஜம்முன்னு வர்றீங்கன்னு சந்தோஷமா நின்னுட்டேன்."

கும்மாளனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தேனம்மா, உன் சீரை எல்லாம் கொட்டிட்டேனே! நீ இனிமே எப்படித் தலை நிமிர்வே?"

தேனம்மை பதில் சொல்வதற்குள், இடுப்பிலிருந்த குட்டி தாவி மாமன் மேல் விழுந்தது. மாமன் கன்னத்தை ஒரு நக்கு நக்கியது.

"அம்மா, மாமா இனிக்குது!"

அவ்வளவுதான்! ஊரிலுள்ள குட்டிகள் எல்லாம் பாய்ந்து வந்தன. ஒன்று முதுகில் ஏறியது, ஒன்று காலைப் பிடித்தது, ஒன்று காதுக்குள் நாக்கை விட்டது. "அண்ணே, இப்படி ஒரு சீரை இந்த ஊரு பார்த்ததே இல்லை!" என்று தேனம்மை விழுந்து விழுந்து சிரித்தது. அந்த ஆற்று மணலிலேயே, முறிந்த வண்டிக்குப் பக்கத்திலேயே, மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். மாமன் கையை நக்குகிற மும்முரத்தில் குட்டி அழவே மறந்துவிட்டது.

பொடிநடையாக வந்த நைசப்பன் முதல் பந்திக்குச் சரியாக வந்து இலை முன்னால் உட்கார்ந்தது. மாயக்கா மணிக்கொத்துகளைக் கொம்பில் மாட்டிக்கொண்டு வந்து அதன் கழுத்தில் போட்டது. "மணி கட்டினா எல்லாம் சரியாப் போயிடும்னு சொன்னியே, நீயே வச்சுக்கோ." குட்டிகள் முடிச்சை இறுக்கிப் போட்டன. அன்றிலிருந்து நரி எந்தப் பானைப் பக்கம் பதுங்கிப் போனாலும் ஜல் ஜல் ஜல்!

மறுநாள் புது அச்சு செதுக்கினார்கள். கும்மாளன் தானே வண்டிக்கு அடியில் படுத்து, மணலைத் துடைத்து, முழங்கை வரை மை அப்பிக்கொண்டு வேலை பார்த்தது. பிறகு சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, அதில் காதை வைத்துக் கேட்டது.

நீதி: குறையைத் தீர்க்காமல் அதன் குரலை மட்டும் அடக்குபவன், உதவ ஓடி வருபவர் காதையும் சேர்த்து அடைத்துவிடுகிறான்.